உதிரிப் பன்னீர் திராட்சையில் பழப்பாகு

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடும் உழவர் பெருமக்களுக்கு உதிரிப் பழத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குலையை வெட்டிப் பெட்டியில் அடுக்கி வண்டியில் ஏற்றி முடிக்கும்போது, விரித்த சாக்கின்மீது காம்பிலிருந்து கழன்ற பழங்கள் குவிந்து கிடக்கும். அறுவடை நேரத்தில் ஒரு மழை பெய்துவிட்டாலோ, தோல் வெடித்த பழங்களும் சேர்ந்து அக்குவியல் பெருத்துவிடும். குலைக்குப் பேசிய விலை இவற்றுக்கு இல்லை. வாங்க ஆள் வந்தாலும், கேட்கும் விலை பறிகூலிக்கே காணாது. ஓராண்டு முழுவதும் பந்தலுக்கும் கவாத்துக்கும் மருந்துக்கும் செலவழித்து விளைவித்த பழத்தில் ஒரு பங்கு இவ்வாறு கண்ணெதிரே வீணாவதைத் தடுக்க, வீட்டளவில் செய்யக்கூடிய வழிகளுள் ஒன்று பழப்பாகு தயாரித்தல்.

பன்னீர் திராட்சை என்று நாம் அழைப்பது 'மஸ்கட் ஹாம்பர்க்' என்னும் இரகமாகும். 2023-ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. விதையுள்ள பழம், மெல்லிய தோல், அதிக நாள் தாங்காத தன்மை ஆகியவை சந்தையில் இதற்குக் குறைகளாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் பாகு செய்வதற்கு இதைவிட ஏற்ற பழம் கிடைப்பது அரிது. தோலில் நிறம் மிகுதி, சாறு மிகுதி, எல்லாவற்றுக்கும் மேலாக, பெயருக்கே காரணமான அந்தப் பன்னீர் மணம். ரோஜாப் பூவின் மணத்திற்குக் காரணமான ஜெரானியால் என்னும் பொருள் மஸ்கட் வகைத் திராட்சைகளிலும் இருப்பதால்தான் இம்மணம் ஏற்படுகிறது. இம்மணம் எளிதில் ஆவியாகி விடக்கூடியது. பாகு தயாரிக்கும் முறையில் பின்வரும் கட்டுப்பாடுகளில் பல இம்மணத்தைக் காப்பதற்காகவே சொல்லப்படுகின்றன என்பதை நினைவிற் கொள்ளவும்.

பழத்தைப் பொறுக்குதல்

உதிரிப் பழம் என்றால் எல்லா உதிரியும் அல்ல. பறிக்கும்போதும் அடுக்கும்போதும் சாக்கின்மீது உதிர்ந்த பழங்களை மட்டும் எடுத்துக்கொள்ளவும். பந்தலின் அடியில் மண்ணில் கிடப்பவற்றை விட்டுவிடவும். அன்று காலை வெடித்த பழம் ஏற்றது. முந்தின நாள் வெடித்து, பழ ஈக்கள் மொய்த்து, புளித்த வாடை வீசும் பழம் ஏற்றதல்ல. பூசணம் பூத்த பழம் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. "கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடுமே" என்று பயிற்சிக்கு வருபவர்கள் கேட்பதுண்டு. பூசணம் சாகும், ஆனால் சில பூசணங்கள் பழத்தில் விட்டுச் செல்லும் நச்சுப் பொருள் கொதிநீரின் சூட்டில் அழிவதில்லை. ஆகவே பொறுக்கும் வேலையைக் கண் நன்றாகத் தெரிபவரிடம், நல்ல வெளிச்சத்தில் ஒப்படைக்கவும்.

குலையில் ஆங்காங்கே நிற்கும் பச்சை, சிவப்பு மணிகளையும் நீக்கிவிட வேண்டும். வாழையையும் மாவையும் போலத் திராட்சை பறித்தபின் பழுப்பதில்லை. கூடையில் எத்தனை நாள் வைத்தாலும் புளிப்பு புளிப்பாகவே இருக்கும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு நீர் பாய்ச்சுவதை நிறுத்தினால் பழத்தில் இனிப்பு கூடும் என்பது தாங்கள் அறிந்ததே. அது குலைக்கு மட்டுமன்றிப் பாகுக்கும் நன்மை தருவதாகும்.

மருந்தைப் பற்றி ஒரு சொல். அடிச்சாம்பல் நோய்க்கும் சாம்பல் நோய்க்கும் கடைசியாக எந்த நாளில் எம்மருந்து தெளித்தீர்கள், அம்மருந்துக்குரிய காத்திருப்புக் காலம் கடந்துவிட்டதா என்பதைப் பார்த்தபின்னரே அத்தோட்டத்துப் பழத்தை அடுப்பங்கரைக்குக் கொண்டுவர வேண்டும். மேலே படிந்த மருந்தைக் கழுவலாம். செடிக்குள் ஊடுருவிய மருந்தைக் கழுவ இயலாது. சந்தைக்கு அனுப்பும் பழத்திற்கும் இவ்விதி உண்டென்றாலும், தோலோடு சூடாக்கிச் சாறு எடுக்கும் இம்முறையில் இன்னும் கண்டிப்பாக இருப்பது நல்லது. பொறுக்கிய பழத்தை உப்பு கரைத்த நீரில் சிறிது நேரம் அலசி, பின் இருமுறை நல்ல நீரில் கழுவி, நீர் வடியவிடவும்.

சாறு எடுத்தல்

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். திராட்சையின் புளிப்பு அலுமினியத்தையும் ஈயம் பூசாத பித்தளையையும் அரிக்கும்; இரும்புச் சட்டியில் நிறம் கறுத்துப்போகும்.

பழங்களைக் கையால் அல்லது மர மத்தால் நசுக்கவும். மிக்சியில் அரைக்க வேண்டாம். விதை உடைந்தால் அதிலுள்ள துவர்ப்பு சாற்றில் இறங்கிவிடும். எவ்வளவு சீனி சேர்த்தாலும் அத்துவர்ப்பு நாவில் நிற்கும். நசுக்கிய பழத்தைத் தோலும் விதையுமாகவே அடுப்பில் ஏற்றி, சிறு தீயில், மூடி போட்டு, 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, 10 முதல் 15 நிமிடம் அச்சூட்டிலேயே வைத்திருக்கவும். திராட்சையின் நிறம் சதையில் இல்லை, தோலில்தான் உள்ளது. இச்சூட்டில் தோல் தளர்ந்து நிறத்தைச் சாற்றுக்குக் கொடுத்துவிடும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நலம். இல்லாதவர்கள், ஆவி மெல்ல எழும்பியும் ஓரத்தில் குமிழி தோன்றாத நிலையை அடையாளமாகக் கொள்ளலாம். கொதிக்க விட்டால் பன்னீர் மணம் போய்விடும். எஞ்சுவது வெந்த பழத்தின் வாடைதான்.

பின்னர் இரண்டாக மடித்த சுத்தமான வேட்டித் துணியில் வடிகட்டவும். பிழியலாம், முறுக்கிப் பிழிய வேண்டாம். 10 கிலோ பழத்திலிருந்து 6 கிலோ அளவுக்குச் சாறு எதிர்பார்க்கலாம்.

கண்ணாடித் துகளா?

அவசரப்படுபவர்கள் அனைவரும் தவறவிடும் கட்டம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. மகளிர் குழு ஒன்று அழகாகப் பாகு தயாரித்துக் கடையில் வைத்தது. சில வாரங்களில் கடைக்காரர், "பாட்டிலில் கண்ணாடி உடைந்து கிடக்கிறது" என்று அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். பாட்டிலின் அடியில் மின்னும் துகள்கள் இருந்தது உண்மை. ஆனால் அவை கண்ணாடியல்ல.

திராட்சையின் புளிப்பில் பெரும்பங்கு டார்டாரிக் அமிலத்தால் ஆனது. இவ்வமிலம் பழத்திலேயே உள்ள பொட்டாசியத்துடன் சேர்ந்து ஓர் உப்பாகிறது. சூடான சாற்றில் கரைந்திருக்கும் இவ்வுப்பு, சாறு குளிரக் குளிர மெல்லப் படிகமாகி அடியில் படியும். இதனால் உடலுக்குத் தீங்கில்லை. ஆயினும் வாங்குபவருக்கு விளக்கிச் சொல்ல நாம் ஒவ்வொரு பாட்டிலோடும் போக முடியாது அல்லவா? எனவே இவ்வுப்பை முன்கூட்டியே படியவைத்து நீக்கிவிட வேண்டும்.

வடிகட்டிய சாற்றை மீண்டும் 80 முதல் 85 டிகிரி வரை சூடாக்கி, சில நிமிடம் வைத்திருந்து, வெந்நீரில் சுத்தம் செய்த சாடிகளில் சூடாகவே நிரப்பி மூடவும். இவ்வாறு சூடாக்காமல் வைத்தால், தோலில் இயற்கையாகவே உள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கி, மறுநாளே நுரை தள்ளும். ஆறியதும் சாடிகளைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் அசைக்காமல் வைக்கவும். அடியில் மண்டியும் படிகமும் தங்கிவிடும். மேலே தெளிந்த சாற்றை, சாடியை மெதுவாகச் சாய்த்து ஊற்றி எடுக்கவும். அடியில் உள்ள ஒரு விரற்கடை சாற்றை விட்டுவிட மனம் வராது, விட்டுவிடவும். அல்லது அன்றே நீர் கலந்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடவும்.

சீனிக் கணக்கு

பழப்பாகு என்ற பெயரில் விற்கும் பொருளில் பழச்சாறு 25 விழுக்காட்டுக்கும், கரைந்த திடப்பொருள் 65 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது என்பது விதி. இந்த 65 என்னும் எண்ணுக்குப் பொருள் உண்டு. நூறு பங்கு பாகில் 65 பங்கு சீனி கரைந்திருக்கும்போது, நுண்ணுயிர்கள் வளர்வதற்கு வேண்டிய நீர் அவற்றுக்கு எளிதில் கிடைப்பதில்லை. பெரும்பாலானவை வளர முடியாமற் போகும். இதைக் காட்டிலும் நீர்த்தால் புளிக்கும். 67, 68-ஐத் தாண்டினாலோ, நம் ஊர் வெப்பத்தில் நீர் அவ்வளவு சீனியைத் தாங்காது. பாட்டிலின் அடியில் கற்கண்டு கட்டும். ஆக நமக்குள்ள இடைவெளி மிகக் குறுகியது.

அதிரசத்துக்கும் பொரிவிளங்காய் உருண்டைக்கும் பாகு காய்ச்சிக் கைபழகிய நம் வீட்டுப் பெண்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். விரலிடையே இழுத்துப் பார்த்துக் கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சுகிறார்கள். கம்பிப் பதம் என்பது 65-ஐ வெகுவாகத் தாண்டிய நிலை. மணமும் நிறமும் அதற்குள் போய்விட்டிருக்கும். ஆறியபின் கற்கண்டு கட்டுவதும் உறுதி. பழப்பாகுக்குப் பதம் பார்க்க வேண்டாம். எடை பார்த்தால் போதும்.

நன்கு பழுத்த பன்னீர் திராட்சைச் சாற்றில் ஏறக்குறைய 16 விழுக்காடு இனிப்பு ஏற்கெனவே உள்ளதாகக் கொள்வோம். அவ்வாறாயின் ஒரு கிலோ சாற்றில் 160 கிராம் உள்ளது. அதனுடன் 1 கிலோ 400 கிராம் சீனி சேர்த்தால் மொத்தப் பாகு 2 கிலோ 400 கிராம். அதில் இனிப்பு 1 கிலோ 560 கிராம். வகுத்துப் பார்த்தால் சரியாக 65 விழுக்காடு வரும். நீர் ஒரு துளியும் சேர்க்கத் தேவையில்லை. சாற்றின் பங்கும் 40 விழுக்காட்டுக்குமேல் இருப்பதால் விதி கேட்பதைக் காட்டிலும் நம் பாகு உயர்ந்ததாகவே அமையும். மழைக்காலப் பழத்தில் இனிப்புக் குறைவு. அப்போது சீனியை 1 கிலோ 450 கிராமாக உயர்த்தவும்.

ஒரு கிலோ சாற்றுக்கு 15 கிராம் சிட்ரிக் அமிலமும் சேர்க்க வேண்டும். இவ்வளவு சீனியில் பழத்தின் புளிப்பு மங்கிப்போவதால் சுவையைச் சமன் செய்ய இது தேவை. பாகு படிகமாவதையும் இது ஓரளவு தடுக்கிறது. நிறத்தையும் செம்மையாக நிறுத்துகிறது. எலுமிச்சைச் சாறு சேர்த்தால் என்ன எனலாம். இதே புளிப்புக்குக் கால் லிட்டர் எலுமிச்சைச் சாறு வேண்டியிருக்கும். பாகு நீர்த்துப்போவதுடன் எலுமிச்சை மணம் பன்னீர் மணத்தை மூடிவிடும். நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தெளிந்த சாற்றைச் சூடேற்றிச் சீனியைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைத்து, சிட்ரிக் அமிலத்தையும் சேர்த்து, மறுபடி துணியில் வடிகட்டவும். சீனியோடு வரும் தூசி அப்போதுதான் தெரியும். பின் 85 டிகிரி சூட்டில் சில நிமிடம் வைத்து இறக்கவும்.

பாகு சரியாக வந்துள்ளதா என்று பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் நன்று. இல்லாவிடில் தராசே போதும். ஆறிய பாகில் துல்லியமாக அரை லிட்டர் அளந்து நிறுத்தால், பாத்திரத்தின் எடை நீங்கலாக 655 முதல் 660 கிராம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் சீனி போதவில்லை. கூடினால் சிறிது சாறு சேர்த்துச் சரிக்கட்டவும்.

பாட்டிலில் அடைத்தல்

வீட்டுக்கு மட்டும் செய்பவர்களுக்கு இரசாயனக் காப்புப் பொருள் எதுவும் வேண்டியதில்லை. கண்ணாடிப் பாட்டில்களை வெந்நீரில் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பு மாறுவதற்குள் சூடான பாகை ஊற்றவும். குளிர்ந்த பாட்டிலில் சூடான பாகு ஊற்றினால் பாட்டில் விரிசல் விடும். கழுத்துவரை நிரப்பி மூடி, ஐந்து நிமிடம் படுக்கவைத்தால் மூடியும் உள்ளிருந்தே சுத்தமாகும். திறந்த பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஈரக் கரண்டி படாமல் பயன்படுத்தவும்.

விற்பனைக்குச் செய்பவர்கள் சோடியம் பென்சோயேட் சேர்ப்பது வழக்கம். எலுமிச்சை, அன்னாசி போன்றவற்றுக்குப் பயன்படும் பொட்டாசியம் மெட்டா பை சல்ஃபைட் இங்கு உதவாது. அது திராட்சையின் நிறத்தை வெளுக்கச் செய்துவிடும். சோடியம் பென்சோயேட்டின் அளவு ஒரு கிலோ பாகுக்கு 0.7 கிராம். இது 600 மில்லிகிராம் பென்சாயிக் அமிலத்துக்குச் சமம். அதுவே மேல் வரம்பு. "ஒரு சிட்டிகை" என்ற கணக்கு இதில் கூடவே கூடாது. சமையலறைத் தராசில் 0.7 கிராமை நிறுக்க முடியாதே என்று தயங்க வேண்டாம். 10 கிராம் பென்சோயேட்டைக் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, மொத்தம் 100 மில்லி ஆகும்படி செய்துகொள்ளவும். அதில் 7 மில்லியில் 0.7 கிராம் இருக்கும். மருந்துப் பாட்டிலோடு வரும் அளவு மூடியால் ஒரு கிலோ பாகுக்கு 7 மில்லி வீதம் அளந்து, அடைக்கும் முன் நன்கு கலக்கவும். 2 கிலோ 400 கிராம் பாகுக்கு 17 மில்லி போதும். கரைசல் பாட்டிலில் பெயரை எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

ஒவ்வொரு தடவை தயாரித்ததிலும் ஒரு பாட்டிலைத் தேதியிட்டு விற்காமல் எடுத்துவைப்பது நல்ல பழக்கம். மூடி உப்பினாலோ, குமிழி எழுந்தாலோ, கழுத்தில் பூசணம் தென்பட்டாலோ அந்தத் தேதியில் அடைத்தவை அனைத்தையும் திரும்பப் பெற்றுவிடலாம்.

இலாபம் உண்டா?

10 கிலோ பழத்தில் 6 கிலோ சாறு. அதற்குச் சீனி 8 கிலோ 400 கிராம். கிடைக்கும் பாகு 14 கிலோ 400 கிராம். பாகு நீரைவிடக் கனமானது என்பதால் இது 11 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். 700 மில்லி பாட்டில்களில் அடைத்தால் 15 பாட்டில்கள். இக்கணக்கைத் தங்கள் ஊர் விலையில் போட்டுப் பாருங்கள். பழத்தைவிடச் சீனியும் பாட்டிலும் அடுப்புச் செலவுமே பெரிய தொகையாக நிற்பதைக் காண்பீர்கள். "பழம் சும்மா கிடைக்கிறது, ஆகவே எல்லாம் இலாபம்" என்று எண்ணிக் கடன் வாங்கி ஆயிரம் பாட்டில் இறக்கிவிட வேண்டாம். முதலில் 15 பாட்டில் செய்து, உறவினர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கொடுத்து, இரண்டாம் முறை அவர்களே கேட்டு வருகிறார்களா என்று பார்க்கவும். விற்பதாயின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006-இன்படி, விற்றுமுதலுக்கு ஏற்பப் பதிவோ உரிமமோ பெற வேண்டும். சேர்த்த பொருள்கள், எடை, தயாரித்த தேதி ஆகியவற்றைச் சீட்டில் அச்சிட வேண்டும்.

உண்ணும் வகை

காலை ஆப்பத்துக்கும் தோசைக்கும் ரொட்டிக்கும் பணியாரத்துக்கும் ஒரு மேசைக்கரண்டி பாகு மேலே ஊற்றினால், தொட்டுக்கொள்ளச் சீனி கேட்கும் பிள்ளைகள் அதை மறந்துவிடுவார்கள். மாவோடு கலந்து சுட வேண்டாம். சமையல் சோடா கலந்த மாவில் திராட்சையின் நிறம் நீலமாகவும் சாம்பலாகவும் மாறி, பார்க்கச் சகிக்காது. சுவை கெடுவதில்லை எனினும் தட்டில் வைத்தால் யாரும் தொடமாட்டார்கள்.

பாலோடு சேர்ப்பதிலும் எச்சரிக்கை தேவை. சூடான பாலில் ஊற்றினால் புளிப்பினால் பால் திரிந்துவிடும். நன்கு குளிர்ந்த பாலில், பருகும் நேரத்தில் கலக்கவும். ஊறிய பாதாம் பிசினும் சேர்த்தால் மதுரை ஜிகர்தண்டாவுக்கு அண்ணன் தம்பி முறை சொல்லலாம். சேமியாப் பாயசத்துக்கு ஆறியபின்னரே மேலாக ஊற்றவும். கெட்டித் தயிருக்கு இப்பாகு மிகப் பொருத்தம். 10 கிராம் கடற்பாசியை முக்கால் லிட்டர் நீரில் முழுவதும் கரையக் காய்ச்சி, அடுப்பை அணைத்தபின் கால் லிட்டர் பாகு கலந்து தட்டில் ஊற்றினால், விருந்துக்கு ஏற்ற இனிப்பு உறைந்து நிற்கும். அடுப்பில் இருக்கும்போதே பாகை ஊற்றினால் புளிப்பும் சூடும் சேர்ந்து கடற்பாசி சரியாக உறையாது.

கறுப்புத் திராட்சை இரத்தம் ஊறச் செய்யும் என்று சொல்லி இப்பாகைச் சத்து டானிக்காக விற்க முற்படுவோர் உண்டு. ஒரு மேசைக்கரண்டிப் பாகில் ஏறக்குறைய 13 கிராம் சீனி இருக்கிறது. இது சுவைக்காக அளவோடு உண்ணும் பண்டமே. நீரிழிவு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

துணியில் எஞ்சும் தோலையும் விதையையும் தெருவோரம் கொட்டினால் ஈக்கள் பெருகும். சாணத்தோடும் காய்ந்த சருகோடும் அடுக்கடுக்காகக் கலந்து மக்கவிட்டு, அதே திராட்சைக் கொடிகளுக்கு எருவாக இடலாம். புளிப்பு மிகுந்த இச்சக்கையைத் தனியாகக் குவித்தால் மக்க நாளாகும் என்பதால் சாணத்தின் பங்கைக் குறைக்க வேண்டாம்.